காங்கேயத்து இருள்

காங்கேயத்துக்குப் போகிறவர்கள் காளை வாங்கப் போவார்கள். இல்லையேல் சிவன்மலை ஆண்டவனைத் தரிசிக்கப் போவார்கள். இருளைக் காண்பதற்கென்று ஒருவன் போனான் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், சித்திரை மாதத்து அமாவாசை இரவில் ஊருக்குத் தெற்கே ஒரு கொறங்காட்டில் நின்று நான் கண்டது இருளைத்தான்.

கொறங்காடு என்பது கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்து, கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் தென்வானம் அடிவரை தெரிகிறது. இரவு பத்து மணிக்கு அங்கே, தாழ்வாக, திரிசங்கு என்று நம்மவரும் தென்சிலுவை என்று மேனாட்டாரும் கூறும் நட்சத்திரக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்புறத்து அடியில், பால்வீதியின் மீது மை கொட்டினாற்போல் ஒரு கறை. பூரண சந்திரர்கள் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினாலும் அதற்குள் அடங்குவர். இதற்குக் 'கரிமூட்டை' என்று பெயர். லண்டன் மாநகரத்தார் கோடி கொடுத்தாலும் தம் ஊரிலிருந்து இதனைக் காண இயலாது. அங்கே அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை!

இத்தகைய கரிய இடங்களை 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் வானத்திலுள்ள பொத்தல்கள் என்றே கருதினார். அமெரிக்க வானநூலார் பர்னார்டு பல்லாண்டுகள் புகைப்படம் எடுத்து ஆராய்ந்து, 1919-ல் 182 கரிய இடங்களுக்கு அட்டவணை வெளியிட்டார். அவை பொத்தல்கள் அல்ல. குளிர்ந்த வாயுவும், அடுப்புப் புகையினும் நுண்ணிய தூளும் திரண்ட முகில்கள். பின்னாலுள்ள நட்சத்திரங்களின் ஒளியை அவை மறைக்கின்றன. கரிமூட்டை நமக்குச் சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு முகிலே. இவ்வகை முகில்களிற் சில தம் ஈர்ப்பினாலேயே சுருங்கி நட்சத்திரங்களை ஈனுகின்றன. நம் சூரியனும் அப்படிப்பட்டதொரு கருவறையில் பிறந்தவனே.

நள்ளிரவுக்குப் பின் விருச்சிகம் மேலேறுகிறது. விடிவதற்கு முன், கேட்டைக்குக் கிழக்கிலிருந்து வடகிழக்கு வரை பால்வீதி இரு கிளையாகப் பிளந்து தெரியும். அப்பிளவும் கருமுகிலே. காங்கேயம் காளையின் வெண்சாம்பல் மேனியில் திமிலும் கழுத்தும் கறுத்திருக்குமே, அக்காட்சிதான் நினைவுக்கு வந்தது.

ஜவ்வாது மலைக் காவலூரில், நம்மவரே வடிவமைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. தென்வானமும் நன்கு தெரியும் என்பது அவ்விடத்தின் சிறப்புக்களுள் ஒன்று. அந்தத் தென்வானம் காங்கேயத்துக் குடியானவருக்கும் உரியதன்றோ? ஆனால் வடமேற்கே திருப்பூரின் விளக்கொளி வானத்தை வெளுக்கச் செய்கிறது. சாலை விளக்குகளும் ஆண்டுதோறும் பெருகுகின்றன. வானம் வெளுத்தால் முதலில் மறைவது பால்வீதி. அது மறைந்தால் அதன்மேற் படிந்த கருமை எங்கே தெரியப் போகிறது? விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் ஒளி தரையில் விழும்படி மேலே ஒரு மூடி இட்டால் போதும்; பாதையும் தெரியும், பால்வீதியும் தெரியும்.