மண்கோட்டையும் கற்குவியலும்

தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்குமிடத்தில் உள்ள சீவலப்பேரிக்குப் பழைய பெயர் முக்கூடல். பள்ளு நூலால் பெயர்பெற்ற இவ்வூரில் அழகரும் இருக்கிறார், சுடலைமாடனும் இருக்கிறார். நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டு மரபு தான் பாடும் தெய்வங்களை இருவகையாகக் கொள்கிறது. சுடலையைப்போலத் தெய்வமாகவே பிறந்தவர்கள் ஒருவகை. மனிதராகப் பிறந்து வெட்டுப்பட்டு மாண்டபின் பீடம் பெற்றவர்கள் மற்றொருவகை. மாடு கவர வந்த கள்வரோடு பொருது மாண்டு, காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டன் இரண்டாம் வகையினன். கிரேக்கர் ‘ஹீரோஸ்’ என்று வழங்கிய சொல்லின் பொருளும் இதற்கு மிக அருகில் நிற்கிறது: வழிபாட்டு வழக்கில் அச்சொல் வெறும் வீரனைக் குறிக்காமல், இறந்தபின் தன் கல்லறையில் பலி பெறுகிறவனையே குறித்தது. ஓமரின் இலியட்டையும் தாமிரபரணிக் கரையின் கதைப்பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வகை ஒப்பீடு தமிழுக்குப் புதிதுமன்று. ஈழத்து அறிஞர் க. கைலாசபதி, கிரேக்கவியல் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் பர்மிங்ஹாமில் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை ஓமரின் காவியங்களோடு ஒப்பிட்டு எழுதிய நூல் 1968இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. பாணர் வாய்மொழியாக வளர்த்த வீரயுகப் பாடல்கள் என்பதே அவர் கண்ட பொதுத்தன்மை. ஆயினும் சங்கப் பாடல்கள் பாடும் போர்க்களங்களில் பலவற்றை இன்று நிலத்தில் காட்டுவது அரிது. பாட்டும் இடிபாடும் ஓரிடத்திலேயே கிடைக்கும் களம் ஒன்று வேண்டுமானால், முக்கூடலிலிருந்து வடகிழக்கே கரிசல் நிலத்துக்குள் சென்று, ஓட்டப்பிடாரத்தை அடுத்துள்ள பாஞ்சாலங்குறிச்சியை அடைய வேண்டும்.

இன்று அங்கே உயர்ந்து நிற்பது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. பழைய கோட்டையில் எஞ்சியவை அடித்தளங்களே. அது கல்லால் ஆனதன்று. இறுகிப் பிடிக்கும் மண்ணால் எழுப்பிய சுவர், ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் 12 அடி உயரமும் கொண்டு, சிறு சதுரக் கொத்தளங்களோடு, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி சூழ நின்றது. பாளையக்காரர் என்போர், ஒரு பாளையத்தின் வரியைத் திரட்டி, படை வைத்துக் காவல் புரிந்து, மேலரசுக்குத் திறை செலுத்திய குறுநிலத் தலைவர்கள். அத்தகைய ஒருவரின் இந்தச் சிறு மண்கோட்டை, பீரங்கிகளோடு வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை இருமுறை திருப்பி அனுப்பியது.

முதல் போர் 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மேன் தலைமையில் நடந்தது. தாக்குதல் தோற்றது, ஆனால் மேலும் படை வருமென்று கண்ட வீரபாண்டிய கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், பிற பாளையக்காரர்கள் பார்த்திருக்கப் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். அன்றைய காட்சியை அறிக்கையாக எழுதியவர், தண்டனை விதித்த அதே பானர்மேன். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் கட்டபொம்மன் இகழ்ச்சியோடு பார்த்ததையும், தளராத நடையோடு மரத்தடிக்குச் சென்றதையும், வாய்பேசாத தம்பியைப் பற்றி மட்டுமே கவலை கொண்டதையும், கோட்டையைக் காத்து அங்கேயே இறந்திருக்கலாம் என்று வருந்தியதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை. இலியட்டில் எக்டர் துரோய் நகரின் மதிலுக்கு வெளியே தனியே நின்று, படையை முன்னமே மதிலுக்குள் அழைக்காமற் போனதை எண்ணி வருந்துகிறான். ஒருவருக்கு உள்ளே இராதது குறை, மற்றவனுக்கு உள்ளே போகாதது குறை. இவ்விரண்டில் எதிரியின் கையால் எழுதப்பட்டதற்கே வரலாற்றாசிரியன் கூடுதல் மதிப்புத் தருவான்.

கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் வாய்பேசாத தம்பி ஊமைத்துரையும் அவருடைய ஆட்களும் ஒரு வாரத்துக்குள் அதை மீண்டும் எழுப்பினர். மண்ணால் ஆனதன் பயன் அது. மார்ச் மாத இறுதியில் மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதலை முறியடித்த அச்சுவர், கர்னல் அக்னியூவின் பெரும்படைக்கு மே 24ஆம் நாள் வீழ்ந்தது. அப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரைக்குக் கிடைத்துள்ள இடம் வியப்பூட்டுவது. நோயாளிபோல் தோன்றிய, மெலிந்து உயர்ந்த அவ்விளைஞர், இடக்கையில் வைக்கோல் துண்டுகளை வெள்ளையர் படையாக அடுக்கி, மறுகையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் ஓர் ஓசை எழுப்பினால் அதுவே தாக்குதலுக்கு ஆணை என்று எழுதும் வெல்ஷ், அவருடைய ஆட்கள் அவரைத் தெய்வமாகவே போற்றினர் என்பதையும் குறித்துவைத்தார்.

தெய்வங்கள் எங்கே நின்றன என்பது அடுத்த வினா. இலியட்டில் தேவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து களத்தில் இறங்குகிறார்கள். அவர்களின் தலைவனான சீயசோ இருதரப்பின் பலியையும் ஏற்றுக்கொள்கிறான். பாஞ்சாலங்குறிச்சியாரின் குலதெய்வம் சக்கம்மா; அவள் வாக்கின்றிப் படை புறப்படாது என்பது கதை வழக்கு. முருகனின் நிலையோ சீயசின் நிலைதான். கட்டபொம்மன் வணங்கியது திருச்செந்தூர் முருகனை; கும்பினியோடு சேர்ந்து பொருத எட்டயபுரத்தார் போற்றியது கழுகுமலை முருகனை. திருச்செந்தூரில் பூசை நடக்கும்போது மணி ஒலிக்க, வழிநெடுகிலும் இருந்த மணிமண்டபங்கள் அவ்வொலியைப் பாஞ்சாலங்குறிச்சிவரை கடத்தினவென்றும், அது கேட்ட பின்பே கட்டபொம்மன் உண்டாரென்றும் சொல்வார்கள். துரோய் வீழ்ந்த செய்தியை மலைக்கு மலை தீயேற்றிக் கடத்தியதாக ஈஸ்கிலசின் நாடகம் கூறுவது இங்கே நினைவுக்கு வரும்.

ஆனால் தெய்வம் போரில் தலையிட்ட மெய்யான நிகழ்ச்சியை வெல்ஷின் குறிப்பிலேதான் காண வேண்டும். கோட்டை வீழ்ந்தபின் பிணங்களுக்கிடையே மகனைத் தேடிய ஒரு தாய், அவன் உயிரோடு கிடக்கக் கண்டாள். அவனோ தன்னை விட்டுவிட்டு, அருகில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். பெண்கள் அவரைத் தம் ஊருக்குத் தூக்கிச் சென்றனர். எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்தபோது, உடலை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தனர். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். இலியட்டின் தொடக்கத்தில் அப்பல்லோ அம்பெய்து கொள்ளைநோயை ஏவுகிறான். மூன்றாம் காண்டத்தில் தோற்கவிருந்த பாரிசை அப்ரொடைட்டி மூடுபனியில் மறைத்துத் தூக்கிச் செல்கிறாள். நோய் ஏவும் தெய்வமும் மறைத்துக் காக்கும் தெய்வமும் கரிசல் நாட்டில் அம்மனாக ஒன்றே என்பதால், ஒரு வெள்ளைத் துணியே இரண்டுக்கும் போதுமானதாயிற்று. அவ்வாறு பிழைத்த ஊமைத்துரை பின்னர்ப் பிடிபட்டு, நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாக வட்டாரத்தில் வழங்குகிறது.

இலியட்டில் கிரேக்கர் தம் கப்பல்களைக் காக்க ஒரு மதில் எழுப்புகின்றனர். தேவர்க்குப் பலியிடாமல் எழுப்பிய அதனைப் போருக்குப்பின் பொசைடனும் அப்பல்லோவும் ஆறுகளைத் திருப்பிவிட்டுத் தடமின்றிக் கரைக்கின்றனர். அதே காவியத்தில், தன் கையால் வீழ்பவனுக்குக் கடற்கரையில் எழும் மண்மேட்டைப் பிற்காலக் கடலோடிகள் கண்டு தன்னைப் பேசுவார்கள் என்கிறான் எக்டர். மதில் போகும், மேடு நிற்கும் என்ற அந்த வரிசை தமிழ்நாட்டிலும் மாறவில்லை. பாஞ்சாலங்குறிச்சியின் மதில் போயிற்று. கயத்தாற்றில், நெடுஞ்சாலை ஓரத்துத் தூக்குமரத்தின் அருகே, வழிப்போக்கர் ஒவ்வொருவராக இட்ட கற்கள் சேர்ந்து குவியலாயின. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று தொடங்கி வாழ்த்துவரை, வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டத் தொல்காப்பியம் வகுத்த ஆறு நிலைகளில் ஒன்றும் அங்கே நடக்கவில்லை. தச்சனில்லை, எழுத்தில்லை, செய்வித்தவன் பெயரில்லை. நடிகர் சிவாஜி கணேசன் அவ்விடத்தை வாங்கி 1970இல் நிறுவிய சிலை பின்னால் வந்தது. பலர் கண்ணில் படுவதும் அதுவே.

பாஞ்சாலங்குறிச்சியின் அருகே மற்றொரு சின்னமும் உண்டு: போரில் இறந்த ஆங்கிலேயப் படையினரின் கல்லறைத் தோட்டம். எதிர்ப்பக்கத்தாரின் பெயர்களைக் கல்லில் தேடிப் பயனில்லை, நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலில் தேட வேண்டும். தீக்கனாக் கண்ட மனைவி தடுத்தும், அந்திரோமாக்கியை விட்டுப் பிரிந்த எக்டரைப் போலக் களம் சென்ற கட்டபொம்மனின் படைத்தலைவன் வெள்ளையத்தேவன் பாட்டு மரபில் வாழ்கிறான். ஓமரோ, ஒரே அடியில் சாகும் சிறு வீரர் பலருக்கும் பெயர் சொல்கிறான், சிலருக்குத் தந்தை பெயரும் ஊர்ப்பெயரும்கூடச் சொல்கிறான். தன் தாயை ஊமைத்துரையின் பக்கம் திருப்பிவிட்டுக் களத்தில் கிடந்த அந்த மகனுக்கு, வெல்ஷின் குறிப்பில் பெயரில்லை.