விலக்கி வைத்த கை

மேடையிலே ஏறி மூடநம்பிக்கையைச் சாடுவது எளிது; வீட்டுத் திண்ணையிலே, பெற்ற தாயின் முன்னே, வாய் திறப்பதுதான் அரிது. இதை எனக்கு உணர்த்தியது ஏடு அல்ல, எழுத்து அல்ல. ஒரு சின்னஞ்சிறு மின்னோடி!

தமிழ் பயின்று தமிழ் கற்பிப்பவன் நான். அறிவியல் ஆசிரியர் விடுப்பிலே சென்றமையால், மின்னோடிப் பாடத்தை நடத்தும் பொறுப்பு என் தலையிலே வந்தமர்ந்தது. படத்தைக் காட்டிப் பாடம் முடிக்க மனம் ஒப்பவில்லை. செய்தே காட்டுவோம் என்று துணிந்தேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலே கேட்டு வாங்கிய எனாமல் பூசிய செம்புக் கம்பி, பழுதான சிறு வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், 1.5 வோல்ட் டார்ச்சு பாட்டரி ஒன்று, ஊக்குகள் இரண்டு, அவற்றைப் பாட்டரியின் இரு முனைகளோடும் இறுக்கிப் பிடிக்கச் சைக்கிள் டியூபிலே வெட்டிய ரப்பர்ப் பட்டை. இவ்வளவுதான் முதலீடு!

கம்பியைப் பாட்டரியின் மேலேயே 15 சுற்றுச் சுற்றி அழகிய சுருளாக்கித் தந்தவள் என் தங்கை. முனைகளை இருபுறமும் நேராக நீட்டி, எனாமலைப் பிளேடால் முற்றும் சுரண்டி, ஊக்குகளின் வளையங்களிலே பொருத்தினேன். சுருளின் அடியிலே காந்தம். விரலால் தட்டிவிட்டேன். துள்ளியது, துடித்தது, நின்றுவிட்டது. பத்து முறை தட்டினேன். பத்து முறையும் நின்றது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “வீட்டுக்கு விலக்காக இருப்பவளைத் தொடவிட்டாயே, அது எப்படியப்பா சுற்றும்?”

தங்கை கம்பியைக் கீழே வைத்தாள். ஒரு சொல்லும் பேசாமல் கொல்லைப்புறம் போனாள்.

முந்தின வாரந்தான் பெண்ணுரிமை பற்றி ஒரு மணி நேரம் முழங்கியிருந்தேன். கைதட்டல் இன்னும் காதிலே ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த நான் என்ன செய்தேன்? அம்மாவை மறுத்தேனா? இல்லை. தங்கையைத் தடுத்தேனா? இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: புதிய கம்பியை எடுத்து, என் கையாலேயே வேறு சுருள் சுற்றினேன்!

அதுவும் துள்ளியது, துடித்தது, நின்றுவிட்டது.

அவள் தொடாத சுருளும் சுழலவில்லை. அப்படியானால் குற்றம் அவள் கையிலே இல்லை. என் அறியாமையிலே இருந்தது. கொல்லைப்புறம் போய், “நீயே வந்து பாரம்மா” என்றேன். வந்தாள். சுருளை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணா, பாதிச் சுற்றிலே காந்தம் இதை முன்னே தள்ளுகிறது, மறுபாதியிலே பின்னே தள்ளுகிறது. முன்னும் பின்னும் தள்ளினால் எங்கே போகும்? மறுபாதியிலே மின்சாரமே இல்லாதிருந்தால்?”

தான் சுற்றிய சுருளின் முனைகளை நறுக்கிவிட்டு, புதிதாகக் கொஞ்சம் கம்பியை நீட்டினாள். ஒரு முனையை முற்றும் சுரண்டினாள். சுருளை நிமிர்த்திப் பிடித்து, மறுமுனையின் மேற்பாதியை மட்டும் சுரண்டினாள். கீழ்ப்பாதியிலே எனாமல் அப்படியே இருந்தது. பொருத்தினாள், தட்டினாள். சுழன்றது! கண்ணுக்குக் கம்பி தெரியாத வேகத்திலே சுழன்றது! பாதிச் சுற்றிலே காந்தத்தின் உந்துதல். மறுபாதியிலே எனாமல் மின்சாரத்தைத் தடுக்க, பெற்ற வேகமே அதனைக் கொண்டு செலுத்திற்று.

அம்மா வாசற்படிவரை வந்து பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அருகே நின்ற மகளைவிட்டு விலகி நிற்கவும் இல்லை.

மின்னோடியின் வரலாற்றைப் புரட்டினால் பட்டறைப் புகைதான் மணக்கிறது. 1821இலே, மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்த மைக்கேல் பாரடே, கொல்லன் மகன்; புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகியவர். அமெரிக்காவின் வெர்மாண்டிலே 1834இலே மின்னோடி அமைத்த தாமஸ் டேவன்போர்ட், தாமே கொல்லர். கம்பிக்குக் காப்புறை தேவைப்பட்டபோது, அவர் மனைவி எமிலி தம் திருமணப் பட்டாடையைக் கிழித்துத் தந்தார் என்பர். 1837இலே கிடைத்த காப்புரிமையிலே கணவர் பெயர் மட்டுமே உண்டு.

எமிலியின் பெயரை ஏடு மறந்தது. என் தங்கையின் படிப்பை நாங்கள் மறந்தோம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, பாலிடெக்னிக்கிலே மின்பொறியியல் படிக்க வேண்டும் என்று கேட்டாள். “பெண்ணுக்கு எதற்கு அது?” என்றார் அப்பா. அன்றும் நான் வாய் திறக்கவில்லை. என் பட்டப்படிப்புக்குப் பணம் இருந்த வீட்டிலே அவள் பட்டயப்படிப்புக்கு இல்லாமற் போனது ஏன் என்று கேட்கவும் இல்லை.

இம்முறை கேட்டேன். வாதம் இரண்டு நாள் நடந்தது. வரும் ஆண்டு அவள் பாலிடெக்னிக்கிலே சேருகிறாள். கட்டணம் என் சம்பளத்திலிருந்து.

வகுப்பிலே அந்த மின்னோடியைச் சுழலவிட்டபோது, “யார் சார் செய்தது?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். “என் தங்கை” என்றேன். பின்வரிசைப் பெண்கள் இருவர் எழுந்து முன்னே வந்தனர், தாங்களும் தொட்டுப் பார்க்க.

தொடட்டும்! தொட்டால்தான் சுழலும், நாடும்!