சர்க்கரை மட்டும்தான்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். 2014இல் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் தவறாமல் மாத்திரை விழுங்கினாள். மாத்திரை நின்றபோது நோயும் முடிந்ததென்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம்.

2022 பங்குனியில் முதுகு வலிக்கிறது என்றாள். மல்லாட்டை பிடுங்கும் காலம். குனிந்து நிமிர்ந்த வலி என்று அவளும் சொன்னாள், நாங்களும் நம்பினோம். அறுவடை முடிந்தும் வலி நிற்கவில்லை. வேலையால் வந்த வலி படுத்தால் தணியும். இதுவோ படுத்த பிறகு, நடுஇரவில்தான் கூடியது. எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். "முன்பு ஏதாவது நோய் இருந்ததா?" என்று கேட்டார். அறையில் வேறு நோயாளிகளும் இருந்தனர். அக்கா தலை குனிந்தாள். நான், "சர்க்கரை மட்டும்தான்" என்றேன்.

செய்யுளில் வெளிப்படையாகச் சொல்லப்படாத பொருளைத் தேடிக் காணும்படி பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்து வந்தவன் நான்.

ஆடியில் அவளுக்குக் கால்கள் மரத்து நடை தடுமாறியது. சென்னைக்கு அழைத்துச் சென்றோம். நோய் முதுகெலும்பில் பரவி, தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருந்தது. "எலும்பிலும் புற்றுநோய் வந்துவிட்டதா?" என்று கேட்டேன். "இது புதிய நோயல்ல, மார்பில் இருந்ததே எலும்பில் குடியேறியிருக்கிறது. மருந்தும் அதற்குரியதுதான்" என்றார் மருத்துவர். பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் இப்படித் திரும்புவதுண்டாம்.

அன்று கற்றதை இங்கே எழுதிவைக்கிறேன். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை ஆகிய இடங்களுக்குப் பரவுகிறது. ஓய்விலும் தணியாத எலும்பு வலி, விடாத வறட்டு இருமல், மூச்சுத்திணறல், வலப்பக்க மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, காரணமில்லாத மெலிவு, நாள்தோறும் வரும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகளாக இருக்கலாம். எல்லா வலியும் புற்றுநோயல்ல. ஆனால் ஒருமுறை அந்நோய் வந்தவர்க்கு, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் புதிய தொல்லை எதையும் பழைய மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கால் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, வலிப்பு வந்தாலோ அன்றைக்கே.

உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். இதை வகுப்பில் பலமுறை பெருமிதத்தோடு சொல்லியிருக்கிறேன். என் உடன்பிறந்தவளுக்காக ஒரு சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

கதிர்வீச்சால் வலி தணிந்தது. புதிய மாத்திரைகள் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. முற்றிலும் போகாது, ஆனால் அதனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு என்றார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். அந்த மூன்று மாதங்களை வீணாக்காதிருந்தால் தடி தேவைப்பட்டிருக்காதோ என்று அவள் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் அவளுக்குப் பல்வலி. எலும்புக்காகப் போடும் ஊசி தாடையைப் பாதிக்கக்கூடும் என்பதால், பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். காத்திருப்போர் நிறைந்த அறையில் நான் கோப்பைப் பிரிப்பதற்குள் அக்காவே முந்திக்கொண்டாள்: "எனக்கு மாருல புத்துநோய் வந்துது சார். இப்ப எலும்புல இருக்குது. அதை மொதல்ல எழுதிக்கிங்க."