நகம் கருகும் அடுப்பு

கன்னோஜில் இறங்கியதுமே அத்தர் மணக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கான்பூரிலிருந்து எண்பது கிலோமீட்டர். பேருந்தை விட்டு இறங்கியபோது எனக்கு முதலில் வந்தது வறட்டிப் புகைதான்.

ரோஜா அத்தரைத் தேடி நான் போகவில்லை. 'சோயா நக்' என்று ஒன்று இருக்கிறது. கிளிஞ்சலையும் சங்கின் வாய்மூடியையும் கருக்கி எடுக்கும் எண்ணெய். தூத்துக்குடியில் வளர்ந்தவன் நான். சங்கு குளிப்பவர்கள் சதையை எடுத்த பிறகு, சங்கின் வாயை அடைத்திருக்கும் பழுப்பு மூடியைக் காயவைத்து எடைக்குப் போடுவார்கள். ஊதுபத்திக்குப் போகிறது என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

பட்டறையில் ஒரு பெரியவர் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டி, "நக்" என்றார். "நகம்" என்றேன். தன் கட்டைவிரல் நகத்தைத் தட்டிச் சிரித்தார். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் வாசனைக் கலவைகளைச் சொல்லும்போது இதே நகமும் வருகிறது.

பூ அத்தருக்குச் செப்புக் கொப்பரை, தண்ணீர், மூங்கில் குழாய் எல்லாம் உண்டு. நகத்துக்குத் தண்ணீரே கிடையாது. மண்சட்டியில் அடைத்து, மண்ணும் பஞ்சும் குழைத்து வாயைப் பூசி, அடியில் விறகும் வறட்டியும் எரிக்கிறார்கள். சங்கின் ஓடு சுண்ணாம்பு. மூடியோ நம் நகத்தைப்போலப் புரதம். அது கருகி எழும் ஆவி குழாயின் மறுமுனையில் குளிர்ந்து, தார்போலக் கறுப்பாகச் சொட்டுகிறது.

வெப்பமானி எதுவும் இல்லை. பெரியவர் குழாயைப் புறங்கையால் தொடுகிறார், சட்டியருகே காதைக் கொண்டுபோகிறார், தீ மிஞ்சினால் ஒரு விறகை வெளியே இழுத்துப் போடுகிறார். பூச்சில் விரிசல் விட்டால் மணம் முழுக்கப் புகையோடு போய்விடும். அவர் விரல் நுனிகள் மழமழவென்று இருந்தன. ரேகை தேய்ந்துவிட்டதால் ரேஷன் கடை எந்திரம் சில மாதங்களில் தன்னை ஏற்பதில்லை என்றார்.

காகிதத்தில் ஒரு துளி வைத்து நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கருகிய முடி, கருவாடு, தார் பூசிய வள்ளம். கொஞ்சம் பொறுத்த பிறகு உப்பு வந்தது. கடைகளில் கடல் மணம் என்று விற்கும் பல சென்ட்டுகளில் காலோன் இருக்கிறது. 1966இல் பைசர் நிறுவன வேதியியலாளர்கள் உருவாக்கிய, தர்பூசணிச் சாயல் கொண்ட செயற்கைப் பொருள் அது. காற்றும் குளிர்ச்சியும் அதில் உண்டு. நான் வளர்ந்த கரையின் ஈரக் கயிற்றையும் மீன் ஏலத்தையும் அதில் ஒருநாளும் முகர்ந்ததில்லை.

நக் எண்ணெயைத் தனியாகப் பூசிக்கொள்ள முடியாது. பெரியவர் ஒரே ஒரு சொட்டைச் சந்தன எண்ணெயில் விட்டு, ஷமாமா அத்தர் கொஞ்சம் சேர்த்தார். ஷமாமாவில் ஜடாமாஞ்சி, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஏலம், கிராம்பு என்று மரமும் மூலிகையுமாகப் பல சரக்குகள் சேர்கின்றன. நாம் குருமாவில் போடுகிற கல்பாசியும் அதில் ஒன்று. புறங்கையில் தடவினார். மழை நின்ற காட்டில் யாரோ கடலோரத்து அடுப்பை மூட்டியதுபோல இருந்தது. மாலைவரை அது மாறிக்கொண்டே போயிற்று.

அத்தருக்கு அடிப்படையான சந்தன எண்ணெய் விலை ஏறியதால் பலர் திரவப் பாரஃபினுக்குப் போய்விட்டார்கள். கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு 2014இல் கிடைத்தது. ஆனால் பெரியவரின் மகன் அடுப்படிக்கு வரவில்லை; டெல்லியில் வண்டி ஓட்டுகிறான். அதில் அவருக்கு வருத்தமில்லை, எனக்குத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்க் குளியாட்களைப் பற்றிச் சொன்னேன். கூட வந்த நண்பர் இந்தியில் எடுத்துச் சொல்ல, பெரியவர் கவனமாகக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பார்கள், பேட்டா?"

"பழகியவர்கள் ஒரு நிமிடத்துக்கு மேல்."

அதற்குள் சட்டிப் பூச்சில் ஒரு கோடு விட்டு, நூலாகப் புகை கிளம்பியது. பெரியவர் ஒரு கை மண்ணை அள்ளினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு புகைக்குள் குனிந்தார்.