பாக்ஸை இறக்கும் முன்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தைத் தாண்டி, வேலூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தப் பட்டறை. தகரக் கூரை, ஒரு குழி, சுவரோரம் எண்ணெய் ஊறிய மரப்பலகை. எல்லா வேலையும் செய்கிறார்கள் என்றாலும் அதிகம் வருவது கியர் தகராறு வண்டிகள். பௌர்ணமி முடிந்த கையோடு கூட்டம் கூடும் என்றார் மெக்கானிக். 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்க வருகிறவர்களை ஏற்றி இறக்கும் வண்டிகள் இரவெல்லாம் ஃபர்ஸ்டிலும் செகண்டிலுமே ஊர்கின்றன. டிரைவரின் இடது கால் கிளட்சை விட்டு எழுவதே இல்லை. அந்தக் கால் பட்ட பாடு மறுநாள் கியர் லீவரில் தெரியும்.

நான் போனபோது வாடகை டாக்சி ஒன்று நின்றிருந்தது. “ண்ணா, கியரே விழமாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கர்ருனு கத்துது. வேற எடத்துல காட்டுனேன், கியர் பாக்ஸை இறக்கணும்னுட்டாங்க” என்றார் டிரைவர்.

“எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் போடு.”

ஐந்து கியரும் ரிவர்ஸும் வெண்ணெயாக விழுந்தன.

“இப்ப ஸ்டார்ட் பண்ணு. கிளட்சை முழுசா மிதி. மனசுக்குள்ள நாலு எண்ணு. அப்புறம் ரிவர்ஸ் போடு.”

கர்ர்ர்.

இவ்வளவுதான் சோதனை. எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் பாக்ஸுக்குள் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. மிதித்த பிறகும் எஞ்சினின் சுழற்சி கொஞ்சம் பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பல கார்களில் ரிவர்ஸுக்கு வேகத்தைச் சமப்படுத்தும் ரிங் கிடையாது. அதனால்தான் குட்டு முதலில் அங்கே உடைகிறது. எஞ்சின் நின்றிருந்தபோதும் லீவர் முரண்டு பிடித்திருந்தால் கேபிள், லிங்கேஜ் புஷ், அதற்கப்புறம்தான் பாக்ஸ் என்று தேடல் வேறு பக்கம் போயிருக்கும்.

மெக்கானிக் குனிந்து பெடலுக்கு அடியில் கையை விட்டார். பழைய ரப்பர் மேட்டின் மேல் புதிதாகத் தடிமனான மேட் ஒன்று. பெடல் தரை தொடும் முன்பே மேட்டில் முட்டி நின்றது. இரண்டையும் உருவி வெளியே போட்டுவிட்டு, கேபிளின் நட்டைக் கொஞ்சம் முறுக்கினார். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. டிரைவர் கையில் வைத்திருந்த நோட்டுகளில் கொஞ்சத்தை நீட்டினார். அது கேபிளை முறுக்கிய கூலி. பாக்ஸை இறக்கியிருந்தால் பேரம் பேசிக்கொண்டே ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார். இறக்க வேண்டாம் என்று கண்டுபிடித்ததற்கு எந்த பில்லிலும் இடம் இல்லை. இந்தத் தொழிலின் கூலி தலைகீழாக இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மெக்கானிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “இவரே நாலு பேரைக் கூட்டினு வருவாரு சார்” என்றார்.

பலகைமேல் பிரித்துக் கிடந்தது ஜவ்வாது மலைக்கு ஏறும் ஒரு ஜீப்பின் பாக்ஸ். ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து சாமை மூட்டையும் பலாப்பழமும் ஏற்றி இறங்குகிற வண்டி. செகண்ட் போடும்போது அரைக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாக நியூட்ரலுக்குக் குதிக்கிறது. மலைப்பாதையில் இது விளையாட்டல்ல. எஞ்சின் பிடிப்பு போய்விட்டால் மிச்சம் பிரேக் மட்டும்தான்.

இதையும் உடனே பிரித்துவிடவில்லை. முதலில் ஆயிலை இறக்கி, வெள்ளை பெயின்ட் டப்பா மூடியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வைத்திருக்கிறார். டிரெய்ன் பிளக்கில் உள்ள காந்தத்தில் இரும்புத் தூள் குழைவாக ஒட்டியிருப்பது சகஜம். பித்தளையைக் காந்தம் பிடிக்காது. அது ஆயிலிலேயே மிதக்கும். மூடியில் பொன் துகள் மினுங்கியது. வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை ரிங் தேய்ந்துவிட்டது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ரிங்கைக் கழற்றி, அடகுக்கடைக்காரர் கம்மலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உட்புறம் நுண்ணிய வரிகள் இருக்க வேண்டும். கியரின் கூம்புமேல் ரிங் அழுந்தும்போது இடையிலுள்ள ஆயில் படலத்தை அந்த வரிகள்தான் அறுக்கின்றன. உலோகம் உலோகத்தைப் பற்றி, வேறு வேறு வேகத்தில் சுழல்பவை ஒரே வேகத்துக்கு வந்த பிறகே கியரைக் கவ்வும் ஸ்லீவ் உள்ளே நுழைய ரிங்கின் பல் வழிவிடும். வரி மழுங்கினால் பற்றுதல் இல்லை. ஸ்லீவ் முந்திக்கொண்டு பல்லோடு மோதுகிறது. புது ரிங்கைக் கூம்புமேல் அழுத்தித் திருகச் சொன்னார். அசையவில்லை. பழையது வழுக்கிக்கொண்டு சுற்றியது. ரிங்குக்கும் கியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார், இடைவெளியே மிஞ்சவில்லை.

குதிப்பதற்குக் காரணம் வேறு. ஸ்லீவ் கவ்வும் பற்களின் பக்கவாட்டில் மிக லேசான உட்சாய்வு வைத்து அறுத்திருப்பார்கள். சுமை ஏற ஏறப் பல் ஸ்லீவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சாய்வு தேய்ந்து உருண்டுவிட்டால் அதே சுமை ஸ்லீவை வெளியே தள்ளும். தேய்ந்தது ஏன்? ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கின் நுனியைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் படி விழுந்திருந்தது. ஓட்டும்போது லீவர்மேலேயே கையை வைத்துக்கொள்கிற பழக்கம். அந்தக் கையின் பாரம் நாள் முழுக்க ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவோடு உரசவிடுகிறது. ஃபோர்க் தேய்ந்ததும் ஸ்லீவ் முழுதாகப் போய் உட்காராமல் பாதிப் பல்லில் நிற்கிறது. இதோடு யாரோ ஜி.எல்.5 ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். டிஃபரென்ஷியலுக்கு அது நல்லது. ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும், ஜி.எல்.4 கேட்கிற பாக்ஸில் அதற்கு இடமில்லை. விலை அதிகமென்றால் உசத்தி என்று நம்பும் நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

மெக்கானிக் தொழில் பழகியது அம்பாசடரில். பழைய அம்பாசடரில் ஃபர்ஸ்டுக்கு இந்த ரிங் இல்லை. வண்டி நின்றால்தான் ஒழுங்காக விழும், இல்லையென்றால் இரண்டு முறை கிளட்ச் மிதித்து வேகத்தைக் காதால் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் கேடிலாக் 1928-லேயே ரிங் வைத்த பாக்ஸை விற்கத் தொடங்கிவிட்டது. நம் டிரைவர்களோ அதற்குப் பிறகும் பல தலைமுறை காதாலேயே ஓட்டினார்கள். அம்பாசடர் உற்பத்தி நின்ற அதே 2014-ல்தான் மாருதி செலேரியோ கிளட்ச் பெடல் இல்லாமல் வந்தது. உள்ளே இருப்பது அதே பல், அதே ரிங். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் மோட்டாரின் வேலை. அவ்வகை வண்டி வந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுகிறார். வாங்கலாமே என்றேன். மாதம் எத்தனை வண்டி வரும் என்று திருப்பிக் கேட்டார்.

உதவிக்கு இருக்கும் பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். குழிக்குள் நின்று பாக்ஸைத் தோளுக்கும் ஜாக்கிக்கும் நடுவே தாங்கி இறக்குகிறான்; அடியில் பழைய டயர் ஒன்றைப் போட்டுக்கொள்கிறான். காது இன்னும் பழகவில்லை என்று அவனே சொன்னான். நியூட்ரலில் இரைந்து, கிளட்ச் மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் மட்டும் இரைந்தால் ரிலீஸ் பேரிங். இதை மட்டும் தப்பில்லாமல் சொல்கிறான்.

மதியம் ஜீப் முதலாளி வந்தார். ரிங் மட்டும் மாற்றினால் போதாதா என்பது அவர் கேள்வி. ரிங் மாற்றினால் அரைப்பது நிற்கும், குதிப்பது நிற்காது. ஸ்லீவ், ஹப், ஃபோர்க், செகண்ட் கியர் எல்லாம் சேர்த்துத்தான் போட வேண்டும் என்றார் மெக்கானிக். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பாக்ஸ் முழுசாகவே மலிவாகக் கிடைக்குமாமே என்றார் முதலாளி.

“கெடைக்கும் சார். எந்த வண்டியில, எப்படி ஓடுனதுன்னு யாரு சொல்றது? கொண்டாங்க, பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். பிரிக்கிற கூலி தனி.”

முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பையன் பற்சக்கரங்களை டீசலில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே பலகைமேல் அடுக்கத் தொடங்கினான்.