பூசைக்கு மறுநாள்

பழைய பொருள்களை வீட்டைவிட்டு அனுப்புவது குறித்து எங்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. வழக்கில் உள்ள சொத்துகள் மூன்று: ஏறத்தாழ 900 புத்தகங்கள், இரண்டு அட்டைப்பெட்டி நிறைய ஒலிநாடாக்கள், 1999இல் வாங்கிய ஒரு கணினி. மூன்றும் எங்களோடு நான்கு வீடுகள் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சாமான் ஏற்ற வருபவர்கள் அந்தப் பழைய திரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடுதா சார்?" என்று கேட்பார்கள். ஓடும் என்போம். அதை எழுப்பும் ஒவ்வொரு முறையும் 1980 ஜனவரி முதல் தேதி என்று காட்டும். உள்ளிருக்கும் காசு அளவு மின்கலம் என்றோ செத்துவிட்டது. அது போகட்டும், தேதி தெரியாமல் வாழ்கிறவர்கள் மனிதர்களிலும் இருக்கிறார்கள்.

எங்கள் இருவரில் ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, மற்றவருக்கு இல்லை. யாருக்கு எது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் வாசகர்கள் உடனே கட்சி பிரிந்துவிடுவார்கள். இத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் இந்த வேறுபாடு பெரிய சண்டைக்குக் காரணமானதில்லை. எங்கள் சண்டைகள் எல்லாம் அலமாரியில் இடம் பற்றியவை.

கணினியும் நாடாக்களும் புத்தகங்களில் ஒரு பாதியும் அப்பாவுடையவை. எங்களில் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். இருவருமே அப்பா என்றுதான் அழைத்தோம். கும்பகோணத்துக்கு அருகே தமிழாசிரியராக இருந்து 1996இல் ஓய்வு பெற்றவர். தேவாரப் பண்களில் பித்து. கோயில் கோயிலாகச் சென்று ஓதுவார்களிடம் கேட்டு, எந்தப் பதிகத்தை யார் எப்படிப் பாடினார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார். 2008இல் காலமானார். குறிப்புகளில் சில புத்தக ஓரங்களில் பென்சிலால் எழுதப்பட்டவை. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாள் பழுத்து ஓரம் உதிர்ந்தாலும் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. கண்ணும் வெளிச்சமும் இருந்தால் படித்துவிடலாம். தொல்லை கொடுத்தவை மற்ற இரண்டும்.

*

ஒலிநாடா என்பது ஒரு பக்கம் துரு பூசிய நெகிழிப் பட்டை. நயமாகச் சொன்னால் இரும்பு ஆக்சைடு. அந்தத் துரு, நொடிக்கு ஏறத்தாழ 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் காந்தத் தலையை உரசிச் செல்லும்போது பாட்டாகிறது. அப்பா வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை அறுபது நிமிட நாடாக்கள். திருச்சி வானொலியின் காலை ஒலிபரப்புகளிலிருந்தும் கோயில் மண்டபங்களிலிருந்தும் பதிவு செய்தவை. தருமபுரம் சுவாமிநாதனின் தேவாரம் மட்டும் காசு கொடுத்து வாங்கியது.

இருபது ஆண்டுகள் சுருண்டு கிடந்த நாடாவை இன்று ஓடவிட்டால் இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, இயக்கும் பெட்டியின் ரப்பர் வார் தளர்ந்திருந்தால் வேகம் குறைந்து, ஐந்து கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டைக்கு இறங்கிவிடுவார். பண் கெடுவதில்லை, பாடுபவருக்கு வயதாகிவிட்டது போல் மட்டும் இருக்கும். மற்றது விந்தையானது. சுருளில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் மெல்லப் படிந்துவிடுகிறது. ஆகவே ஓதுவார் வாய் திறப்பதற்கு ஓரிரு நொடிகள் முன்பே, வெறும் இரைச்சலுக்குள், அவர் பாடப்போகும் முதலடி மிக மெல்லிதாகக் கேட்கிறது. எங்களில் ஒருவர் இதைக் காந்தவியல் என்கிறார். மற்றவரும் காந்தவியல் என்றே ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

*

கணினியிலும் ஃபிளாப்பியிலும் இருப்பதும் அதே துருவோ அதன் உறவோதான். ஆனால் அதன் சிக்கல் வேறு. பாட்டைக் கேட்பதற்குக் காது போதும். கோப்பைப் படிக்க வேறொரு கோப்பு வேண்டும்.

இன்று தமிழ் எழுத்துகளுக்கு ஒருங்குறி இருக்கிறது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது என்றாலும், வீட்டுக் கணினிகளில் அது புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டை ஏற்றது. இணையக் குழுமங்களில் திஸ்கி பரவியது. அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் இவை எதையும் பொருட்படுத்தாமல் தங்கள் போக்கில் இருந்தன.

1999க்குப் பின் அப்பா எழுதியவை திஸ்கியில் இருக்கின்றன. அவற்றை இன்றைய கணினியில் நேரே திறந்தால் தமிழ் வராது; மேலை நாட்டுக் குறிகளின் அணிவகுப்பு வரும். ஆயினும் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. திஸ்கியில் டகரம் இருக்கும் இடத்தில் அங்கே கால் என்னும் பின்னக்குறி. ணகரத்தின் இடத்தில் அரை. தகரத்தின் இடத்தில் முக்கால். நகரத்தின் இடத்தில் தலைகீழான கேள்விக்குறி. ஆக, வணக்கம் என்ற சொல்லின் நடுவே ஓர் அரை வந்து உட்கார்ந்திருக்கும். நன்றி கேள்வியோடு தொடங்கும். கடிதத்தின் அடியில் உள்ள அன்புடன் காலளவே இருக்கும். தேவாரக் குறிப்பாதலால் பக்கத்துக்குப் பத்துத் திரு. பத்தும் முக்காலில் தொடங்கும். இவற்றைத் தமிழாக்குவது கடினமன்று. மாற்றி எழுதும் கருவிகள் அன்றைய தன்னார்வலர்கள் பலர் புண்ணியத்தில் கிடைக்கின்றன. ஒரு மாலையில் முடிந்தது.

உண்மையான வழக்கு, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் ஃபிளாப்பிகள் பற்றியது. சொந்தக் கணினி வாங்குமுன் அப்பா ஊரில் ஒரு டி.டி.பி. கடையில் மாலை நேரங்களில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். பதினான்கு ஃபிளாப்பிகளில் ஒன்பது திறந்தன. உள்ளே இருந்தவை வெற்று உரைக் கோப்புகள்; எந்த எழுத்துரு என்ற பெயர்கூட இல்லை. கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிடைத்த மாற்றிகள் எதற்கும் அந்தக் குறியேற்றம் பிடிபடவில்லை. இதை என்ன செய்வது என்பதில்தான் கட்சி பிரிந்தோம். படிக்க முடியாததை வைத்திருப்பது மூடநம்பிக்கை என்றது ஒரு தரப்பு. அப்பாவின் விரல் பட்டது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றது மற்றது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டாம் தரப்பே பக்தியாகத் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் வரும் கரிவலம்வந்தநல்லூர்ச் செய்தி நினைவுக்கு வரும்வரை.

அந்தக் கோயிலில் வரகுணபாண்டியனின் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் செல்கிறார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அவ்வாறே செய்துவிட்டதாகவும் அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர் என்பதே இதில் கொடுமை. அலட்சியக்காரன் பரணில் போட்டு மறந்திருப்பான். ஐயருக்கு நாலு ஏடாவது மிஞ்சியிருக்கும். ஏட்டைப் புனிதம் என்று எண்ணியவர்கள்தாம் அதை முறைப்படி எரித்தார்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் கும்பிட்டுத்தான் விட்டார்கள்.

தேவாரத்துக்கே இப்படியொரு கதை உண்டு. தில்லைக் கோயிலின் பூட்டிய அறையில் ஏடுகளைக் கறையான் அரித்திருந்தது. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மன்றாட, இக்காலத்துக்கு வேண்டிய பதிகங்கள் மட்டும் மிஞ்சின என்பது திருமுறைகண்ட புராணம் சொல்வது. அத்தோடு கதை முடிவதில்லை. சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்கள் வகுக்கப்பட்டன என்கிறது புராணம். வரலாறாகக் கொள்வதா வேண்டாமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கதை கட்டியவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: பூட்டி வைத்த இடத்தில் பாதி போய்விட்டது, மீதிக்கு உயிர் வந்தது ஒருத்தியின் குரலில்.

*

எனவே வழக்கு வேறு விதமாகத் தீர்ந்தது. எறிவதும் இல்லை, வைத்துக் கும்பிடுவதும் இல்லை. படிப்பது என்று முடிவாயிற்று.

கோப்புகளுக்கு அப்பா ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் வைத்திருந்தார். ஆரூர் என்ற பெயருள்ள கோப்பில் ஆரூர் என்ற சொல் பலமுறை வந்தாக வேண்டும். அதைக் கண்டுபிடித்தோம், எழுத்து மூன்று கிடைத்தது. அடுத்து, அவர் முழுதாகத் தட்டச்சு செய்திருந்த பதிகங்களை அச்சு நூலோடு வரிவரியாக ஒட்டிப் பார்த்தோம். கு, கூ, சு, சூ என்று உகர, ஊகார வரிசைகளுக்கெல்லாம் தனித்தனி வடிவங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒருங்குறியிலோ பின்னால் போக வேண்டும். எங்களில் பதிகங்களை மனப்பாடமாக அறிந்தவர் குறிகளைப் பார்த்தே அடியைச் சொல்ல, மற்றவர் அட்டவணையை நிரப்பினார். மனப்பாடமாக அறிந்தவர்தாம் நம்பிக்கை உள்ளவர் என்று வாசகர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஏழு சனிக்கிழமைகளில் அட்டவணை நிரம்பியது. ஙூ, ஞூ ஆகியவற்றின் கட்டங்கள் மட்டும் இன்றும் காலி. அப்பாவுக்கு அவை தேவைப்படவே இல்லை. முரண்டு பிடித்தது ஔகாரம். அந்த எழுத்துருவில் ஔகாரத்தின் பின்குறியும் ளகரமும் ஒன்றே. ஆகவே இந்தளப் பண்ணுக்கு நிகர் மாயாமாளவகௌளை என்று அவர் எழுதிய இடமெல்லாம் 'மாயாமாளவகெளளை' என்று வந்து நின்றது. எந்த ளகரம் எழுத்து, எது குறி என்பதை எந்திரத்தால் அறிய முடியாது. சொல்லை அறிந்தவர் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். திருத்தினோம்.

அந்த இந்தளக் கோப்பின் இறுதியில், பதிகத்துக்கும் பண்ணுக்கும் தொடர்பில்லாமல், அப்பா தமக்காக எழுதிக்கொண்ட மூன்று வாக்கியங்கள் இருந்தன: பாடும்போது இருக்கிறார். பாடி முடித்த பிறகு எனக்குத் தெரியவில்லை. ஆகவே நாளையும் பாட வேண்டும்.

அன்றாடம் நீறு பூசிய மனிதர் அவர். எங்களிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. டி.டி.பி. கடையில், பக்கத்து இருக்கையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து இதைத் தட்டியிருக்கிறார். படித்ததும் இருவரும் ஒரே நேரத்தில், "பார்த்தாயா?" என்றோம். முதல் வாக்கியம் தன் கட்சி என்றார் ஒருவர். இரண்டாவது தன் கட்சி என்றார் மற்றவர். மூன்றாவதை யாரும் தனக்கென்று கேட்கவில்லை. அதுதான் இருவருக்கும் வேலை வைத்துவிட்டது.

சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனமிட்டு வைக்கிறோம். அன்று படிக்கக் கூடாது என்பார்கள். சிறுவயதில் யாரும் அந்த விதியை எதிர்த்ததில்லை. ஆனால் விதியின் மறுபாதி, மறுநாள் விஜயதசமியன்று அவற்றை எடுத்து ஒரு வரியாவது கட்டாயம் படிக்க வேண்டும் என்பது. பூசை அதோடுதான் நிறைவு பெறுகிறது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர்களுக்கும் தில்லையில் அறையைப் பூட்டியவர்களுக்கும் முதல்நாள் தெரிந்திருந்தது, மறுநாள் தெரியவில்லை. கடவுளை ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் இந்த மறுநாள் பொதுவானது என்பதில் எங்களுக்குள் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. ஓலையில் எழுதியவன் தாளைக் கண்டதில்லை. தாளில் எழுதியவன் ஃபிளாப்பியைக் கண்டதில்லை. ஒருங்குறிக்குப் பின் என்ன வரும் என்பதை நாம் காணப்போவதில்லை. பார்க்க முடியாத ஒருவர் படிப்பார் என்று எண்ணிப் படியெடுப்பதற்கு நம்பிக்கை என்பதைத் தவிர வேறு பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திறக்காத ஃபிளாப்பிகள் ஐந்து பாக்கி. நாடாக்களில் பாதிதான் கணினிக்கு ஏறியிருக்கிறது. சனிக்கிழமைக்கு ஒன்று என்ற கணக்கில் அடுத்த ஆடி வரை வேலை இருக்கிறது. இந்த வாரம் சீகாழியில் பதிவு செய்த ஒன்று. முதற்பக்கம் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் பக்கம் சிக்கியிருக்கிறது. ஆறு பட்டைப் பென்சில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.