கொற்கையில் கடலைத் தேடி

சங்க இலக்கியம் வாசிப்பவர்களுக்குக் கொற்கை என்ற பெயரோடு கடலும் கூடவே வந்துவிடும். அகநானூற்றுப் பாடல் ஒன்றில், அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய முத்துக்கள் அவ்வூர்க் கரையில் சிதறிக் கிடந்து, தேர் இழுக்கும் குதிரைகளின் குளம்புகளை வருத்துகின்றன. மதுரைக்காஞ்சியும் அவ்வூர் முத்தைப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தில் வெற்றிவேற்செழியன் இருந்ததும் அங்கேதான். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இப்பெயர் எத்தனையோ முறை வந்துபோயிருக்கிறது. 2009 இல் ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவல் வெளிவந்தபோது ஒரு மாதம் முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். எனினும் எங்களில் எவரும் அவ்வூரை நேரில் கண்டதில்லை. 2025 ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், தூத்துக்குடியில் நண்பர் இல்லத் திருமணம் ஒன்று அமைந்தது. திருமணம் முடிந்த மறுநாள் காலை நால்வராகக் கிளம்பினோம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முதலில் வருபவை உப்பளங்கள். காலை வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசச் செய்தன. வழியில் பழையகாயல். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய 'காயல்' இதுவே என்பது கால்டுவெல்லின் முடிவு. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய துறை அது. இன்று அணுசக்தித் துறையின் சிர்கோனியம் வளாகம் அங்கே இருக்கிறது. நாங்கள் ஒரு தேநீருக்கு மட்டுமே அங்கு நின்றோம், ஊருக்குள் செல்லவில்லை. குதிரைகளைப் பற்றித் தனியே ஒருநாள் எழுத வேண்டும்.

முக்காணியில் மேற்கே ஏரல் சாலையில் திரும்பியதும் நிலம் அடியோடு மாறிவிடுகிறது. அதுவரை முள்ளும் உவரும் உப்பும், அதன்பின் வாழை. எங்கு திரும்பினாலும் வாழை. இடையிடையே கதிர் முற்றிய பிசான நெல், வாய்க்கால், வரப்பில் வரிசையாக நிற்கும் பனை. உமரிக்காட்டுப் பக்கமாக உள்ளே சென்றால் கொற்கை. சில தெருக்கள், ஒரு பெரிய குளம், குளத்தை ஒட்டி வெற்றிவேலம்மன் கோயில், ஊருக்குள் பருத்த அடியுடன் ஒரு முதிய வன்னிமரம். அந்த மரத்துக்கு 2000 வயது என்கிறார்கள் ஊர்மக்கள். தாவரவியல் ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு செய்தி. அதன் நிழல் குளிர்ச்சியாக இருந்தது, அமர்ந்தோம்.

கடல்? அங்கிருந்து ஏறத்தாழ 6, 7 கிலோமீட்டர் கிழக்கே. காற்றில் உப்பு வாசனைகூட இல்லை. எங்கள் குழுவிலிருந்த தமிழாசிரியர் குளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுதான் துறைமுகமா?" என்றார். எவரும் பதில் சொல்லவில்லை.

மடை திறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார்.

"எங்கருந்து வாரிய? தோண்டுத ஆபீசரா?"

இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றோம். அவருக்குச் சிறிது ஏமாற்றம் என்று தோன்றியது. "தோண்டுனா ரெண்டு மாசம் வேல கெடக்கும்லா, அதுக்குக் கேட்டேன்" என்றார். முத்தைப் பற்றிக் கேட்டோம். "முத்து எங்க தாத்தாவே பாத்ததில்ல. சிப்பி வேணும்னா கெணறு வெட்டும்போது வரும். சங்கும் வரும். அதுக்குக் கீழ கடக்கர மணலு. நாங்க அத எடுத்து என்ன செய்ய?"

அவர் சொன்னது நூல்களிலும் இருக்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1870களில் இங்கு தோண்டிப் பார்த்தார். வண்டல் மண்ணுக்கு அடியில் கடற்சிப்பிகளையும் மணலையும் கண்டு, கடல் ஒருகாலத்தில் இவ்வளவு உள்ளே இருந்தது என்று எழுதினார். 1881 இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இச்செய்திகள் உள்ளன. பின்னர் 1968-69 இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021 இல் மீண்டும் அகழ்ந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குள்ள சுடுமண் குழாய் கிடைத்தது அப்போதுதான்.

'கடல் பின்வாங்கிவிட்டது' என்றே நாம் எப்போதும் சொல்லி வருகிறோம். கொற்கையில் நின்றுகொண்டு யோசித்தால் இந்த வாக்கியம் பொருத்தமாகப் படவில்லை. கடல் எங்கும் போகவில்லை; நிலம்தான் அதை நோக்கி நடந்திருக்கிறது. பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சின்னஞ்சிறு ஆறு தாமிரபரணி. ஆனால் இரண்டு பருவமழைகளையும் வாங்கிக்கொண்டு மலையிலிருந்து விரைந்து இறங்குவது. அது கொண்டுவந்த வண்டலும் மணலும் முகத்துவாரத்தில் ஆண்டாண்டாகப் படிந்து, கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிருக்கின்றன. முத்துத் துறைக்கு மரக்கலங்களை வரவழைத்ததும் இந்த ஆறுதான், அத்துறையைத் தூர்த்ததும் இதே ஆறுதான். துறை தூர்ந்ததும் வணிகர்கள் காயலுக்குப் போனார்கள். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி. நாங்கள் காலையில் வாகனத்தில் ஒரு மணி நேரத்தில் கடந்த தொலைவு இது.

வன்னிமர நிழலில் இன்னொன்றும் பேசினோம். அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற நூலிலும் இவ்வூர் வருகிறது. கொல்கி என்று பெயர். பாண்டிய அரசுக்கு உரியது, முத்துக்குளித்தல் நடக்கும் இடம் என்பதோடு, அந்த வேலையைச் செய்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அந்நூல் சொல்கிறது. எங்கள் புலவர் குதிரையின் குளம்பு நோவதைப் பாடினார். மூச்சை அடக்கி மூழ்கியவனின் நெஞ்சு நோவதை எழுத ஓர் அயல்நாட்டு மாலுமி வேண்டியிருந்தது. "அது அகப்பாட்டு, அதனிடம் ஏன் தொழிலாளர் கணக்குக் கேட்கிறீர்கள்?" என்று தமிழாசிரியர் வாதிட்டார். அதுவும் நியாயமே. ஆனாலும் அந்தப் பாடலை இனி முன்போல் படிக்க எங்களால் ஆகாது.

அருகில் உள்ள அக்கசாலை என்ற சிற்றூருக்கு நடந்தே போனோம். வயல்களுக்கு நடுவே அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் பொன்னும் காசும் செய்யும் பட்டறை. பாண்டியரின் நாணயச்சாலை இருந்த இடம் என்று கால்டுவெல் முதலானோர் கருதுவது இதனால்தான். இங்கும் எங்களுக்குச் சிலப்பதிகாரம் குறுக்கே வந்தது. கோவலன் கொலைக்கு ஒரு பொற்கொல்லன் காரணமானான் என்று, வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக இளங்கோ சொல்கிறார். அதன்பின் மழை பெய்ததாம், நாடு செழித்ததாம். அந்த ஆயிரவர் எந்த ஊரார் என்று காப்பியம் சொல்லவில்லை. ஆனால் அச்செழியன் இருந்த ஊருக்குப் பக்கத்திலேயே பொற்கொல்லர் பட்டறையின் பெயரால் ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு தொழிற்குலமே வெட்டுண்டதைப் பள்ளியில் ஒரு வரியில் படித்துக் கடந்தோம். கோயில் பூட்டியிருந்தது. வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் அந்த முதியவர் தம் வீட்டுச் சுவரைக் காட்டினார். மார்பளவுக்கும் மேலே பழுப்பாக ஒரு கோடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையின் கோடு அது. அந்நாளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுதும் பெய்தாலே இப்பகுதியில் இவ்வளவு மழை காண்பது அரிது. தாமிரபரணி கரை புரண்டது, ஏரலில் ஆற்றுப்பாலம் சேதமுற்றது, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. "ஆறும் கொளமும் ஒண்ணாப் போச்சி. பக்கத்து மாடியில மூணு நாளு இருந்தோம். எறங்கி வந்தா வாழத்தோட்டத்துல முட்டளவு சகதி. அள்ளி மாளல" என்றார். துறைமுகங்களைத் தூர்த்த அதே வண்டல்! எங்களுக்கு அது வரலாறு. அவருக்கு வாழைக்கு வாங்கிய கடன். கடன் இன்னும் தீரவில்லை என்றார். வேறெதுவும் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

முக்காணிப் பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர், தென்கரை. இது வெற்றிலை ஊர். அகத்திக்கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படர்ந்திருக்கும் நிழலுக்குள் நுழைந்தால் வெளியே வெயில் இருப்பதே மறந்துபோகும். 2023 இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்களும் ஆளுக்கொரு கவுளி வாங்கிக்கொண்டோம். காரம் என்றால் அப்படியொரு காரம்.

ஆத்தூரை அடுத்தது சேர்ந்தபூமங்கலம். உரோமச முனிவர் பொதிகையிலிருந்து ஆற்றில் விட்ட ஒன்பது மலர்களில் கடைசி மலர் வந்து சேர்ந்த இடம் என்பது தலபுராணம். நவகைலாயத்தில் ஒன்பதாவது கோயில் இது. ஆறு கடலில் கலக்கும் சங்கமத் தலம் என்றே இதைப் போற்றுகிறார்கள். சங்கமத்தைக் காணவோ, இங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர் கிழக்கே போகவேண்டும். புராணத்துக்கும் பின்னால் ஆறு நடந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டோம்.

ஆனால் அந்த நடை இப்போது தளர்ந்துவிட்டது. மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகள். கீழே, 1870களில் கட்டிமுடித்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஆற்று மணலையோ, பல்லாண்டுகளாக லாரிகள் அள்ளிச் சென்றன. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு 2010 இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதிக்க வேண்டியிருந்தது. கோடையில் நன்னீர் வரத்துக் குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவருகிறது. அதைத் தடுக்க முக்காணிக்கும் சேர்ந்தபூமங்கலத்துக்கும் இடையே தடுப்பணை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே நீர்ப்பரப்பில் அமலைச் செடி அடர்ந்து கிடந்தது. கிழக்கே போய்க்கொண்டே இருந்த ஆற்றைப் பின்தொடர்ந்து இப்போது கடல் மேற்கே வருகிறது.

புன்னைக்காயலை அடையும்போது பிற்பகல் மூன்று மணி. ஒருவழியாகக் கடல்! அதற்கு முன்னே கழிமுகம், இருமருங்கும் அலையாத்தி மரங்கள், வரிசையாகக் கட்டிய படகுகள், பரதவர் தெருக்கள், தேவாலயம். தமிழில் அச்சேறிய முதல் நூல்களைத் தந்த அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசியத் துறவி வாழ்ந்து 1600 இல் மறைந்த ஊர் இது. அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பல நூறு பக்கங்கள் கொண்ட 'அடியார் வரலாறு' 1586 இல் இங்கே, இந்த மீனவர் கிராமத்தில் அச்சாயிற்று என்பதே அறிஞர்கள் கொள்ளும் கருத்து. முத்துக்குளித்துறைப் பரதவரின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றவர் அவர். அந்த நூலின் உரைநடையில் அம்மக்களின் குரல் இருக்கிறது.

அச்சுக்கூடம் இருந்த இடம் எது என்று விசாரித்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்குத் தெரியவில்லை. "அந்தப் பாட்டியக் கேளுங்க" என்று கை காட்டினார்கள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அந்த அம்மையார், "பழைய கட்டடமெல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டுல்லா" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்காரவுக அப்பா முத்துக்குளிச்சவுக. கடசியா 61-ல" என்று தாமாகவே சொன்னார். மன்னார் வளைகுடாவில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961 இல்தான். அவருக்கு ஆண்டு சரியாக நினைவிருந்தது.

எப்படி மூழ்குவார்கள் என்று கேட்டோம். கால்விரலில் கல்லுக் கயிற்றை மாட்டிக்கொள்வது, இடுப்பில் பை, மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் மைத்துனன். "மச்சினன் ஏன் தெரியுமா? தன் அக்கா தங்கச்சி தாலியில்லா அந்தக் கயிறு. விட மாட்டான்" என்றார். தம் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் ஒரு காது முற்றிலும் கேட்கவில்லை என்றும் சொன்னார். தமிழாசிரியர் குறிப்பேட்டை எடுத்தார். பெயர் வேண்டாம் என்று அம்மையார் சொல்லிவிட்டார். மற்றதை எல்லாம் இருட்டும்வரை சொன்னார். நாங்கள் மணலில் அமர்ந்து எழுதிக்கொண்டோம்.